மீஞ்சூர் மணலுக்கு அடியில் கடல் வந்தது எப்படி?

நூறு குடம் நல்ல கிணற்றுத் தண்ணீரில் இரண்டு குடம் கடல் தண்ணீரைக் கலந்தால் என்ன ஆகும்? பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. இரண்டு குடம் சேர்ந்தாலே கலவையில் லிட்டருக்கு ஏறக்குறைய 370 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீரில் குளோரைடு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த அளவு. ஐந்து குடம் கடல் நீர் கலந்தால் அந்த 1,000-ஐயும் நெருங்கிவிடும். ஒரு கிணறு வீணாவதற்கு அது கடலாகவே மாறத் தேவையில்லை. நூற்றில் ஐந்து பங்கு போதும்.

சென்னைக்கு வடக்கே, மீஞ்சூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதுதான் நடந்தது. ஒரே நாளில் நடந்ததில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, கிணறு கிணறாக நடந்தது. கடல் உள்ளே வந்துவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். என்னைக் கேட்டால், கடலைவிட அங்கே முன்பு இருந்த நல்ல தண்ணீரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அது அங்கே எப்படி வந்தது, எந்த அளவு இருந்ததால் கடலைத் தடுத்து நிறுத்தியது, எப்போது இடத்தைக் காலி செய்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும்.

இந்தப் பகுதிக்கு உயிர் கொடுப்பவை இரண்டு ஆறுகள். ஒன்று கொசஸ்தலை ஆறு. கொற்றலையாறு என்பது அதன் இன்னொரு பெயர். பூண்டி வழியாக வந்து, தாமரைப்பாக்கம் அணைக்கட்டையும் வல்லூர் அணைக்கட்டையும் கடந்து, எண்ணூர் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. இன்னொன்று ஆரணி ஆறு. ஆந்திரத்து மலைகளில் புறப்பட்டு ஊத்துக்கோட்டை, பொன்னேரி பக்கமாக ஓடி, பழவேற்காட்டில் முடிகிறது. இரண்டுமே ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டும் தெரியும் ஆறுகள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான் தண்ணீர் ஓடும்.

ஆனால் மேலே வறண்டு கிடக்கும் இந்த ஆறுகளின் அடியில் பெரிய சொத்து இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும் களிமண்ணும் இங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சில இடங்களில் இந்த வண்டல் ஐம்பது மீட்டர் வரை ஆழம் போகிறது. பாலாறு ஒரு காலத்தில் இந்தப் பக்கமாகத்தான் ஓடியது, பிறகு தெற்கே தடம் மாறியது என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். இன்றைய கொசஸ்தலைக்கு இவ்வளவு மணல் எப்படி வந்தது என்று யோசித்தால் அந்தக் கருத்து பொருத்தமாகவே படுகிறது. பெரிய ஆறு விட்டுப்போன மணலுக்குள், சிறிய ஆறு ஆண்டுதோறும் தண்ணீர் நிரப்பி வந்தது.

இந்த மணலுக்குள் தண்ணீர் இரண்டு தட்டாக இருக்கிறது. மேல் தட்டு, மழை பெய்தால் நேராக நிரம்புவது. பழைய திறந்த கிணறுகள் இதில்தான் இறங்கியிருக்கும். அதற்குக் கீழே சில மீட்டர் கனத்துக்குக் களிமண், அதற்கும் கீழே இன்னொரு மணல் தட்டு. கீழ்த் தட்டில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும், அதிகமாகவும் கிடைக்கும். ஆழ்துளைக் கிணறுகள் குறிவைப்பது இதைத்தான். நடுவில் உள்ள களிமண் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் மெலிந்து, சில இடங்களில் விட்டுப்போய், மேல் தண்ணீர் கீழே கசிய வழி கொடுக்கிறது.

1960-களில் சென்னை தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கமும் சோழவரம், செங்குன்றம் ஏரிகளும் வளரும் நகரத்துக்குப் போதவில்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை என்று தண்ணீர் நிறையக் கேட்கும் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில், 1966-க்கும் 1969-க்கும் இடையில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்த வடிநிலம் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று மூன்று இடங்களில் கிணற்று வயல்கள் அமைக்கலாம் என்று தெரியவந்தது. கிணற்று வயல் என்றால், ஒரே பகுதியில் வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டு மொத்தமாகத் தண்ணீர் எடுக்கும் இடம். பிறகு பூண்டி, கன்னிகைப்பேர் போன்ற இடங்களிலும் இப்படி வயல்கள் சேர்ந்தன. கடலுக்கு மிக அருகில் இருந்தது மீஞ்சூர். ஊரிலிருந்து கடற்கரை எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான்.

இங்கே கொஞ்சம் நிதானமாக நின்று, கடலோர மணலுக்குள் நடக்கும் இயக்கத்தைப் பார்த்துவிடலாம்.

கடலும் நிலத்தடி நன்னீரும் மணலுக்குள் எப்போதுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. நடுவே சுவர் எதுவும் கிடையாது. நன்னீர் லேசானது, கடல் நீர் கொஞ்சம் கனமானது. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோ என்றால், கடல் நீர் 1,025 கிலோ. நாற்பதில் ஒரு பங்குதான் வித்தியாசம். நிலத்தடியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த ஒரு பங்குதான். நன்னீர் கடல் நீரின் மேல் மிதக்கிறது. எண்ணூர்க் கடற்கரைக்கு உள்ளே ஓரிடத்தில் நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயரமாக இருந்தால், அந்த இடத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் நூறாண்டுக்கு மேல் முன்பே கண்டறிந்து சொன்ன கணக்கு இது. களிமண்ணுக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீரில் கணக்கு இவ்வளவு நேராக வராது என்றாலும், அடிப்படை அதுதான்.

இதையே திருப்பிப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் உப்பு நீர் நாற்பது மீட்டர் மேலே வர இடம் கிடைக்கிறது. விவசாயி ஒருவர் தன் கிணற்றில் தண்ணீர் மூன்றடி கீழே போனதைப் பார்க்கிறார், கயிற்றைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறார். அடியில் நடக்கும் பெரிய நகர்வை அவர் பார்க்க முடியாது. அவர் பார்ப்பது கயிற்றின் நீளம், கடல் கணக்கு வைப்பது மட்டத்தை. அதனால்தான் இந்தக் கடலோர வடிநிலத்தில் தண்ணீரின் தரத்தையும் அளவையும் தனித்தனியாகப் பேசுவது தவறு என்று நினைக்கிறேன். இங்கே உப்பு என்பது மட்டம் இறங்கியதன் இன்னொரு பெயர்.

மீஞ்சூரில் மட்டம் இறங்கியது கொஞ்ச நஞ்சமில்லை. மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் இரவு பகலாகத் தண்ணீர் எடுத்ததில், கிணற்று வயலைச் சுற்றி நீர்மட்டம் புனல் போலக் குழிந்தது. கடல் மட்டத்துக்கே பல மீட்டர் கீழே போய்விட்டது. அப்புறம் ஒரு மீட்டருக்கு நாற்பது மீட்டர் என்ற கணக்குக்குக்கூட இடமில்லை. கடலிலிருந்து உள்நாட்டை நோக்கிச் சரிவு ஏற்பட்டுவிட்டது, தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடத்தான் செய்யும். 1969-இல் உப்பு நீர் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. 1980-களின் இறுதிக்குள் 9 கிலோமீட்டர் அளவுக்கு வந்தது, அதாவது ஏறக்குறைய மீஞ்சூர் ஊர் வரை. பிறகு நடந்த ஆய்வுகள் 13 கிலோமீட்டர் வரை அதன் சுவடு இருப்பதைக் காட்டின. கீழ்த் தட்டில்தான் பாதிப்பு அதிகம், ஏனென்றால் பெரிய பம்புகள் உறிஞ்சியது அங்கிருந்துதான்.

உப்பு ஏறுவதை நாக்கு கண்டுபிடிப்பதற்கு முன் சோப்பு கண்டுபிடித்துவிடும். இந்த விஷயம் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. கடல் நீரில் சோடியம் மிகுதி. அது மணலுக்குள் நுழையும்போது, வழியில் இருக்கும் களிமண் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த கால்சியத்தை வெளியே விடுகிறது. அதனால் உப்பு நீரின் முன்முனை வந்து சேரும்போது, கரிப்பதற்கு முன்பே தண்ணீர் கடினமாகிவிடுகிறது. சோப்பு நுரைக்காது, துணி வெளுக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு தங்கும், பருப்பு வேகாது. ‘தண்ணி மாறிப்போச்சு’ என்று வீட்டில் சமைப்பவர்களும் துவைப்பவர்களும் சொல்லும்போது, அது ஒரு வேதியியல் அளவீடு. ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி போய்ச் சேர்வதற்கு முன்பே எடுக்கப்பட்ட அளவீடு. அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள யாராவது இருந்திருந்தால், பல கிணறுகளின் வரலாறு நமக்கு இன்னும் தெளிவாகக் கிடைத்திருக்கும்.

உப்பு எல்லாமே கடலிலிருந்து நிலத்தடி வழியாக வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. எண்ணூர் கழிமுகத்தில் கடல் ஓதம் உயரும்போது கடல் நீர் ஆற்றுக்குள்ளேயே ஏறி வருகிறது. பக்கிங்காம் கால்வாயிலும் அப்படித்தான். அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்கள் இருந்தன. அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கத்தில் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள மக்களின் புகார் பல ஆண்டுகளாக ஓயவில்லை. வயலில் போடும் உரத்திலிருந்து நைட்ரேட் இறங்குகிறது, கழிப்பிடக் குழிகளிலிருந்தும் இறங்குகிறது. ஒரு கிணற்று நீரில் உப்பு எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய, குளோரைடை மட்டும் பார்க்காமல் அதற்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம், பைகார்பனேட்டுக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளந்தும் உப்பு நீர் எங்கே நிற்கிறது என்று வரைந்துவிடலாம். உப்பு நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் என்பதால் தடை குறைந்த இடமெல்லாம் வரைபடத்தில் தனியாகத் தெரியும்.

சரி, இவ்வளவு தண்ணீரை எடுத்தது யார்? நகரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கில் பெரும்பங்கு பாசனத்துக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆழ்துளைக் கிணறும், விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தபின், ஏற்றமும் கமலையும் போட்டிருந்த வரம்பு இல்லாமல் போய்விட்டது. நெல் ஒரு போகம் இரண்டாகி, மூன்றானது. இருந்தாலும் இரண்டு பயன்பாட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் ஒரு பகுதி மறுபடி மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது. குழாயிலும் லாரியிலும் சென்னைக்குப் போன தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட இந்த மணலுக்குத் திரும்பி வராது. அது சாக்கடையாகி வேறு வழியில் கடலுக்குப் போய்விடுகிறது. கடலை நிறுத்தி வைத்திருந்த நன்னீரை, சுற்றுவழியில் கடலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

2000-களின் தொடக்கத்தில் வந்த வறட்சியில் நகரக் குடிநீர் வாரியம் இந்தப் பகுதி விவசாயிகளின் கிணறுகளிலிருந்தே தண்ணீரை விலைக்கு வாங்கியது. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பதில் வருமானம் நிச்சயம் என்பதால் பலர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விளைச்சலுக்கு விலை கிடைக்காத ஆண்டில் வேறென்ன செய்வார்கள்? ஆனால் கிணறு வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது, கிணறு இல்லாத கூலித் தொழிலாளிக்கு வேலை போனது, பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றில் மட்டம் இறங்கியது. நீர் எல்லோருக்கும் பொதுவாக ஒரே மணலுக்குள் இருக்கிறது, விற்கும் உரிமை மட்டும் மேலே நிலம் வைத்திருப்பவருக்கு. 2019-இல் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் காய்ந்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையிலும் இதே கிணறுகள் மறுபடி வாடகைக்கு எடுக்கப்பட்டன.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இலேயே வந்துவிட்டது. கிணறு தோண்டவும், தண்ணீரை வண்டியில் எடுத்துச் செல்லவும் அனுமதி பெறவேண்டும் என்கிறது அது. இந்தியாவில் இப்படி முதலில் வந்த சட்டங்களில் ஒன்று. நகரத்தைக் காப்பாற்ற வந்த சட்டம், நகரத்துக்காகவே எடுக்கப்படும் தண்ணீருக்கு வரம்பு போடுவதில் பலவீனமாக இருந்தது என்பதே என் எண்ணம்.

மீஞ்சூருக்குப் பக்கத்தில், காட்டுப்பள்ளியில், 2010-இல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியது. நாளுக்கு 10 கோடி லிட்டர். கடல் நீரை அதிக அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்குச் சில யூனிட் மின்சாரம் செலவாகும். பெருநகரத்துக்கு வறட்சியில் இது தேவைப்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆலைக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருந்த மணல், மழை நீரை வடிகட்டி, சேமித்து, கடலையும் தடுத்து, கேட்டபோது கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு மின்சாரம் மேலே ஏற்றுவதற்கு மட்டும்தான் தேவைப்பட்டது. அந்த மணலைப் பராமரிக்க ஆலைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கியிருந்தால் என்ற எண்ணம் வராமல் போகாது.

உருப்படியாக நடந்தவையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் மணலியின் பெரிய ஆலைகள் கொடுங்கையூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் வழிக்கு மாறத் தொடங்கின. 2019-இல் கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைத் தேவைக்கான தரத்துக்குச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. மீஞ்சூர் மணலுக்குக் கிடைத்த மிகப்பெரிய நிம்மதி இதுதான் என்று சொல்வேன். ஆலைக்குக் குளிரூட்ட நல்ல தண்ணீர் எதற்கு?

இன்னொரு வழி தடுப்பணைகள். ஆரணி ஆற்றில் பாலேஸ்வரத்தில் கட்டிய தடுப்பணையை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். தேங்கிய நீர் மணலுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரத்தில் ஓரிரு கிலோமீட்டர் வரை கிணறுகளில் மட்டத்தை உயர்த்தியது, உப்பைக் குறைத்தது. கடலுக்கு இன்னும் பக்கத்தில், ஆண்டார்மடத்தில், சின்னதாக ஒரு கசிவுக் குளம் வெட்டியும் பார்த்தார்கள். அங்கேயும் பக்கத்துத் தண்ணீரில் முன்னேற்றம் தெரிந்தது. சிறிய அளவில் செய்தால் சிறிய அளவில் பலன் கிடைக்கும், ஆனால் பலன் உறுதி.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக்கூடாது. நல்ல மழை பெய்த ஆண்டில் மேல் தட்டு நிரம்பிவிடும். உப்பு நீரின் மேல் நன்னீர் ஒரு படலமாக நிற்கும். ஆழம் குறைந்த கிணற்றில் ‘தண்ணி நல்லாயிடுச்சு’ என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் கீழ்த் தட்டில் வந்த உப்பு அவ்வளவு சுலபமாகப் போகாது. களிமண் அடுக்குகளுக்குள் ஊறியிருக்கும் உப்பு, வெளியே நன்னீர் வந்தபின் மெல்ல மெல்லக் கசிந்து அதையும் கரிக்க வைக்கும். உள்ளே வர இருபது ஆண்டு எடுத்துக்கொண்ட உப்பு, வெளியே போக அதைவிடப் பல மடங்கு காலம் எடுக்கும். மேலே நன்றாகிவிட்டது என்று ஆழ்துளைக் கிணற்றில் பெரிய பம்பை மாட்டினால், அடியிலிருந்து உப்பு நீர் கூம்பு போல எழும்பி அதே கிணற்றுக்குள் வந்துவிடும். எனவே மட்டம் உயர்ந்த ஆண்டுதான் கை அடக்கமாக எடுக்க வேண்டிய ஆண்டு.

மணல் அள்ளுவதையும் இங்கேதான் பேச வேண்டும். ஆற்றில் தெரியும் மணல் வீடு கட்டும் பொருள் மட்டுமே என்று நினைப்பதால் வந்த வினை இது. ஒரு கன மீட்டர் மணலுக்குள் இருநூறு, இருநூற்றைம்பது லிட்டர் வரை எடுக்கக்கூடிய தண்ணீர் நிற்கும். மணலை லாரியில் ஏற்றும்போது அந்த இடத்தின் கொள்ளளவும் சேர்ந்து ஏறிப் போகிறது. படுகை ஆழமானால் ஆற்றோரத்து நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்துக்குள் வடிந்துவிடும், கழிமுகத்தின் ஓதநீர் ஆற்றுக்குள் இன்னும் உள்ளே ஏறிவரும். தடுப்பணைக்கு மேற்புறம் மணலை அள்ளிவிட்டால், தேங்கும் தண்ணீர் இறங்குவதற்கு மிச்சம் இருப்பது களிமண்தான்.

இந்த வடிநிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டியது, கடற்கரையிலிருந்து இரண்டு, ஐந்து, பத்து கிலோமீட்டரில் இருக்கும் கண்காணிப்புக் கிணறுகளில், ஜனவரியிலும் ஜூனிலும், கடல் மட்டத்தோடு ஒப்பிட்டு நீர் எங்கே நிற்கிறது என்ற கணக்கு. ஏரிகளில் எத்தனை டி.எம்.சி. இருக்கிறது என்று சென்னைக்காரர்கள் நாள்தோறும் செய்தியில் பார்க்கிறார்கள், பூண்டியின் மட்டம் பலருக்கு மனப்பாடம். மணலுக்கு அடியில் இருக்கும் ஏரிக்கும் அப்படி ஓர் எண் வேண்டும். ஜனவரியில் அது கடல் மட்டத்துக்கு மேலே இரண்டு மீட்டர் என்று காட்டினால், அந்த ஆண்டு எவ்வளவு எடுக்கலாம் என்று வாரியமும் விவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேச முடியும். கடல் மட்டத்துக்குக் கீழே என்று காட்டினால், எந்தெந்தக் கிணறுகளின் பம்பை எந்த மாதம் நிறுத்துவது, நிறுத்துபவருக்கு என்ன இழப்பீடு தருவது என்பதையும் தண்ணீர் கரிப்பதற்கு முன்பே முடிவு செய்யலாம்.